300 பதிவுகளுக்குப் பிறகு: எழுத வருபவரின் வலைப்பூவில் எது தேய்கிறது, எது நிற்கிறது

வலைப்பூத் தளங்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். கணக்குத் திறப்பது சுலபமா, தோற்றத்தை அமைக்கும் வார்ப்புரு லட்சணமா, கைபேசியில் ஒழுங்காகத் தெரிகிறதா, அவ்வளவுதான். புத்தகம் போடும் எண்ணத்தோடு எழுத வருகிறவருக்கு இது போதாது. 300 பதிவு சேர்ந்து, அதில் 40ஐப் பொறுக்கித் தொகுப்பாக்க உட்காரும் நாளில் அந்த வலைப்பூ எந்த நிலையில் இருக்கும் என்பதே அவருடைய கேள்வி. கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரையும், சொந்த ஹோஸ்டிங்கில் (வாடகைக்கு எடுத்த இணைய இடத்தில்) ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருளையும் அந்த நாளை மனத்தில் வைத்து எடைபோடுகிறது இந்தக் கட்டுரை.

இரண்டும் பழம் பெருச்சாளிகள். பிளாகர் 1999இல் வந்தது, 2003இல் கூகுள் கைக்குப் போனது. வேர்ட்பிரஸ் பிறந்ததும் அதே 2003இல்தான். இரண்டும் இன்னும் நிற்கின்றன. உதிர்ந்தவை எல்லாம் அவற்றைச் சுற்றி ஒட்டவைத்தவை. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓடை (ஃபீட்) வழியாக ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஓடை வழியாகப் படித்த வாசகர் கூட்டம் அன்றோடு கலைந்தது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இல் போனபோது, அதன் பின்னூட்டப் பெட்டியை பிளாகரில் இணைத்திருந்தவர்களின் பின்னூட்டங்களும் கூடவே போயின. புதுப் பதிவை வாசகருக்கு அஞ்சலில் அனுப்பிய ஃபீட்பர்னர் மின்னஞ்சல் சேவை 2021இல் நின்றது. ஆகவே தளத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, முகவரியும் வாசகர் பட்டியலும் மூலப் பிரதியும் யார் கையில் இருக்கின்றன என்று பார்ப்பது மேல்.

முகவரி

சொந்த டொமைன், அதாவது நம் பெயரில் பதிந்த இணைய முகவரி, முதல் நாளே வேண்டும். பிளாகரில் இது கடினமில்லை: டொமைன் விற்றவரின் டிஎன்எஸ் பக்கத்தில் (முகவரி எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் இடம்) 2 சிநேம் ரெக்கார்டு, டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டு இல்லாத வெறும் முகவரிக்கு 4 ஏ ரெக்கார்டு, பிறகு அமைப்புகளில் பாதுகாப்பான இணைப்பான ஹெச்டிடிபிஎஸ்ஸை இயக்குவது. அதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை உலாவி எச்சரிக்கை காட்டினால் பதறி எல்லாவற்றையும் அழித்து மறுபடி போடுவதுதான் வழக்கமான தவறு. பிளாகர் இலவசமாகத் தந்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களை பிளாகரே புது முகவரிக்கு அனுப்பிவிடும்.

டொமைன் கணக்கு எழுதுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும், தளம் அமைத்துக் கொடுத்த நண்பரின் பெயரில் அல்ல. அந்தக் கணக்கின் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவும் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சல் பெட்டியும் சேர்ந்து செத்துவிடும். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் கண்ணில் படாது. டாட்காம் போன்ற பெயர்களுக்கு, சலுகைக் காலம் கழிந்த பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் மீட்கக் கூடுதல் கட்டணம். அதற்குப் பின் 5 நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். கொஞ்சம் வாசகர் வந்துபோன பெயர் என்றால் கொத்திக்கொண்டு போக ஆள் காத்திருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களைத் தனியாகக் கடிக்கும் சிக்கல் ஒன்று இருக்கிறது. பிளாகரில் தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி 'பிளாக்-போஸ்ட்' என்றும், அடுத்தது 'பிளாக்-போஸ்ட்' பின்னால் ஓர் எண் ஒட்டியும் உருவாகும். 300 பதிவு சேர்ந்த பிறகு எந்த முகவரி எந்தக் கதை என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். வேர்ட்பிரஸ் தமிழை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு யூனிகோட் குறியும் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு) சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். பதிவின் பெயருக்கு உள்ள இடமோ 200 எழுத்து. அதாவது 22 குறிகள். மெய்யும், 'க' போன்ற அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய்யும் இரண்டிரண்டு குறிகளைத் தின்பதால் பதினைந்து தமிழ் எழுத்துக்கு மேல் தாண்டுவது அரிது, முகவரி சொல்லின் நடுவில் அறுந்து நிற்கும். இரண்டு தளத்துக்கும் ஒரே மருந்து: வெளியிடும் முன்பே, 3 முதல் 5 சொல்லில் ரோமன் எழுத்தில் முகவரியைக் கையால் எழுதுவது. மறந்துவிட்டால் வேர்ட்பிரஸில் பின்னால் மாற்றலாம், பழைய பெயரிலிருந்து புதியதற்கு அதுவே திருப்பிவிடும். பிளாகரில் பதிவை வரைவுக்கு இறக்கி, முகவரி மாற்றி, மறுபடி வெளியிட்டு, திருப்பிவிடும் வரியை அமைப்புகளில் நாமே சேர்க்க வேண்டும்.

எழுதும் பெட்டி

வேர்ட் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒட்டும்போது எழுத்துருப் பெயர், அளவு, பின்னணி நிறம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும். அன்று ஒன்றும் தெரியாது. நான்கு வருடம் கழித்து வார்ப்புருவை மாற்றும்போது பாதிப் பதிவுகள் பொடி எழுத்தில் நிற்கும். இருள் பயன்முறையில் படிப்பவருக்குப் பத்திக்குப் பத்தி வெள்ளை அடித்தது போலத் தெரியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி வெறும் உரையாக ஒட்டுவதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டும். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த வேர்ட்பிரஸின் எழுதும் பெட்டியான பிளாக் எடிட்டர் இந்தக் குப்பையைப் பெரும்பாலும் தானே கழித்துவிடுகிறது. அதைத் திட்டாத பதிவர் இல்லை. என்றாலும் இந்த ஒரு வேலையில் அது பிளாகரின் பெட்டியைவிட மேல்.

தமிழ் படிக்க 17 அல்லது 18 பிக்சல் எழுத்து, 1.6 முதல் 1.7 வரை வரி இடைவெளி. இருபுறமும் சமன்செய்யும் அமைப்பு வேண்டாம்: நம் சொற்கள் நீளமானவை, கைபேசியின் குறுகிய திரையில் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். எழுத்திடைவெளியை விரிக்கும் அலங்காரத்தைத் தமிழுக்குப் போடவே கூடாது, கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை இரண்டு தடிமனில் மட்டும் ஏற்றினால் போதும். ஐந்து தடிமனும் ஏற்றியதால்தான் பல தளங்கள் நொண்டுகின்றன.

குறிச்சொற்கள் 6 முதல் 8க்குள் இருக்கட்டும். 'சிறுகதை', 'சிறுகதைகள்', 'கதை' என்று மூன்று பெட்டி திறந்து வைத்தால் தொகுப்பு போடும் நாளில் மூன்றையும் துழாவ வேண்டும். இன்னொரு விஷமம்: ஔகாரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துப் போட்டும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'ஔவையார்' என்ற குறிச்சொல் இரண்டு முறை தெரிந்தால் பேய் இல்லை, இதுதான் காரணம்.

எதை வெளியிடுவது, எதை வைத்துக்கொள்வது

எழுத்தாளருக்கான வலைப்பூ மற்ற வலைப்பூக்களிலிருந்து பிரிகிற இடம் இது. வலைப்பூவில் வந்த கதையைப் பல இதழ்களும் போட்டிகளும் ஏற்கெனவே வெளியானதாகவே எடுத்துக்கொள்கின்றன. பத்துப் பேர் படித்த பதிவானாலும் கணக்கு ஒன்றுதான். பரபரப்பில் நல்ல கதையை இரவே ஏற்றிவிட்டு, மறுநாள் போட்டி அறிவிப்பைப் பார்த்துக் கையைப் பிசைவது இந்தத் தொழிலில் சாதாரணம். பதிவை நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் பிழை. பல வலைப்பூக்களைச் சேர்த்துக் காட்டும் திரட்டிகளிலும் ஓடை வாசிப்பான்களிலும் பிரதி இருக்கும், நிபந்தனையும் 'வெளியாகாதது' என்றுதான் இருக்கும், 'இப்போது கிடைக்காதது' என்று இருக்காது. முடிந்த கதைகளை இதழுக்கு வைத்துக்கொண்டு, கட்டுரை, வாசிப்புக் குறிப்பு, எழுதும் முறை பற்றிய குறிப்பு, ஏற்கெனவே அச்சானவற்றின் பகுதி ஆகியவற்றை வலைப்பூவுக்குக் கொடுப்பதே நடைமுறையில் ஓடுகிறது.

தொடராக நாவல் எழுதுகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமேசானின் நூல் வெளியீட்டுச் சேவையான கேடிபியில், செலக்ட் திட்டத்தில் மின்னூலைச் சேர்த்தால் 90 நாளுக்கு மின்வடிவத்தை வெளியிடும் உரிமை முழுக்க அங்கேதான். வெளியில் 10 சதவீதம் வரை மாதிரியாக வைக்கலாம். வலைப்பூவில் முழுத் தொடரும் கிடந்தால் அது விதிமீறல். செலக்டில் சேராவிட்டாலும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரை என்றால் உரிமைக்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வரலாம். அத்தியாயங்களை அடியோடு அழிக்கவும் வேண்டாம், இணைப்பு கொடுத்தவர்கள் எல்லோரும் வெறும் பக்கத்தில் முட்டிக்கொள்வார்கள். முதல் அத்தியாயத்தை அப்படியே விட்டு, மற்றவற்றில் உரையை எடுத்துவிட்டு நான்கு வரிச் சுருக்கமும் நூலின் இணைப்பும் போட்டால் முகவரி உயிரோடு இருக்கும். அதற்கு முன் பின்னூட்டங்களைத் தனியே சேமிக்க வேண்டும். எந்த அத்தியாயத்தில் வாசகர் குழம்பினார் என்று அவைதான் சொல்லும், செம்மை செய்யும்போது அதைவிட நல்ல கையேடு கிடையாது.

வாசகர் பட்டியல்

சந்தா படிவத்தைப் பக்கப்பட்டியில் வைப்பது வீண். கைபேசியில் பக்கப்பட்டி எல்லாவற்றுக்கும் கீழே போய் விழுகிறது. பதிவு முடிகிற இடத்திலேயே, ஒரே ஒரு பெட்டியாக வைக்க வேண்டும். பெயர், ஊர், பிறந்த நாள் என்று கேட்கக் கேட்க ஆள் குறையும். உறுதிப்படுத்தும் அஞ்சலைச் சொடுக்கிய பிறகே பட்டியலில் சேர்ப்பது நல்லது. போலி முகவரிகள் சேர்ந்தால் அஞ்சல்கள் திரும்பி வரும், திரும்பி வர வர மற்றவர்களுக்குப் போவதும் ஸ்பேமில் விழும். சொந்த டொமைனிலிருந்து அனுப்ப அஞ்சல் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் டிஎன்எஸ்ஸில் போட்டிருக்க வேண்டும். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கறாராக இருக்கின்றன. பட்டியலை மாதம் ஒரு முறை அட்டவணையாகத் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், சேவை மூடினாலும் வாசகர்கள் போகமாட்டார்கள்.

காப்பும் பராமரிப்பும்

பிளாகர் தரும் காப்புக் கோப்பில் பதிவும் பின்னூட்டமும் இருக்கும். படங்கள் இருக்காது, அவற்றின் இணைப்பு மட்டும் இருக்கும். வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பும் அப்படித்தான். வேர்ட்பிரஸில் முழுக் காப்பு என்றால் பதிவுகள் இருக்கும் தரவுத்தளமும் படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் கோப்புறையும் சேர்ந்தது. அதை அதே ஹோஸ்டிங்கில் வைத்தால் காப்பே அல்ல. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு பதிவின் இறுதி வடிவமும் தேதி போட்ட தனிக் கோப்பாகக் கணினியில் இருக்க வேண்டும். வெளியிட்ட பிறகு தளத்தில் செய்யும் சின்னத் திருத்தங்களைக் கோப்பில் செய்யாமல் விடுவதால்தான், அச்சுக்குப் போகும் பிரதியில் பழைய பிழைகள் மறுபடி முளைக்கின்றன.

பிளாகரில் பராமரிப்பு என்று அநேகமாக எதுவும் இல்லை. அதன் பெரிய பலம் அதுவே. வேர்ட்பிரஸ் வீட்டில் வளர்க்கும் பிராணி மாதிரி, வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். கூடுதல் வசதி சேர்க்கும் செருகுநிரல்கள் பத்துக்குள் அடங்கட்டும். ஒரு வருடத்துக்கு மேல் புதுப்பிக்கப்படாததை எடுத்துவிட வேண்டும். திருட்டு வார்ப்புருவோடு வேண்டாத நிரலும் சேர்ந்து வரும். பக்கம் கட்டும் செருகுநிரல்களில் எழுதிய பதிவுகள், அந்தச் செருகுநிரலை நீக்கிய நாளில் அடைப்புக்குறிக் குறியீடுகளாக இளித்துக்கொண்டு நிற்கக்கூடும். கதைக்கும் கட்டுரைக்கும் அது தேவையே இல்லை.

பார்வை எண்ணிக்கையைத் தினமும் பார்ப்பதால் எழுத்து ஒரு வரியும் நகர்வதில்லை. கூகுள் சர்ச் கன்சோல் 16 மாதத் தேடல் விவரம் வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து, எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்று பார்த்து அந்தப் பழைய பதிவைச் செப்பனிட்டால் போதும். வருகையைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருப்பவர்கள் தரவுச் சேமிப்புக் காலத்தை முதல் நாளே 2 மாதத்திலிருந்து 14 மாதத்துக்கு மாற்றிவிட வேண்டும். பின்னால் மாற்றினால் போனது திரும்பாது.

எழுத்து மட்டும் போதும், தொழில்நுட்பத்தில் கை வைக்க மனமில்லை என்பவருக்கு சொந்த டொமைனோடு பிளாகர் இன்றும் சரியான தேர்வு. நூல் பக்கங்கள், விற்பனை, சந்தா எல்லாம் ஒரே கூரையில் வேண்டும் என்பவர் வேர்ட்பிரஸுக்குப் போகலாம். நடுவில் மாறுவதென்றால் பதிவு 200ஐத் தாண்டும் முன் மாறுவது வேலையைக் குறைக்கும். அப்போது வேர்ட்பிரஸின் நிலையிணைப்பு (பதிவு முகவரியின் வடிவம்) அமைப்பை 'வருடம், மாதம், பதிவின் பெயர்' என்று வைத்து, முடிவில் டாட் ஹெச்டிஎம்எல் சேர்த்தால் பிளாகரின் முகவரி வடிவத்தோடு அப்படியே பொருந்தும். இறக்குமதி முடிந்ததும் பழைய இணைப்புகளில் பத்தைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, படங்கள் புது இடத்திலிருந்து வருகின்றனவா என்று உறுதி செய்த பிறகே பழைய வலைப்பூவைப் பூட்ட வேண்டும்.