இளம் ஹாக்கி வீரர்களின் கையொப்பத்துக்கு ஒரு பேனா: யூனி பெயிண்ட் பிஎக்ஸ்-21

வளர்ந்துவரும் ஹாக்கி வீரர்களிடம் கையொப்பம் வாங்குபவர்கள் அதன் அருமை தெரியவரும்வரை பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் சிங்கப்பூரில் நடந்த ஆண்கள் இளையர் ஏஎச்எஃப் (ஆசிய ஹாக்கி சம்மேளன) கோப்பையைப் பங்ளாதேஷ் அணி வென்றபோது அதைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற இளையர் உலகக் கோப்பையில் அந்நாடு முதன்முறையாகக் களமிறங்கியது. அவ்வணியின் அமிருல் இஸ்லாம் 18 கோல் போட்டு, அத்தொடரில் வேறு எவரையும்விட அதிக கோல் அடித்தார். இன்று நம் திடலுக்கு வந்துபோகும் பிள்ளைகளில் யாருடைய பெயர் நாளை ஒலிக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், அதுவரை மை நிலைத்திருக்க வேண்டும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூரின் செங்காங் ஹாக்கி அரங்கில் ஓர் இளம் கோல்காவலர் வெள்ளைப் பந்தில் போட்டுக்கொடுத்த கையொப்பம், வீட்டுச் சன்னலோரம் இருந்த மூன்றே ஆண்டுகளில் ஊதாவாக மங்கி, எழுத்தோரங்கள் கசிந்து, பெயரே படிக்க முடியாமல் போயிற்று. அன்று நான் நீட்டியது சாதாரண அழியா மைப் பேனா.

பிறகு பிராஸ் பாசா வளாகத்தில் ஓவியப் பொருள் விற்கும் கடை ஒன்றில் வாங்கியதுதான் பிஎக்ஸ்-21. இதில் இருப்பது சாய மை அன்று, எண்ணெய் சார்ந்த வண்ணம். ஆகவே அது பந்துக்குள் ஊறாமல் மேலே படலமாகப் படிந்து காய்கிறது. முனையின் தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்பதால், குழிகள் நிறைந்த பந்தின்மேலும் கோடு அறுபடாமல் ஓடுகிறது. ஆயினும் இதன் உண்மையான அழகு மட்டையில்தான் தெரியும். கறுப்புக் கார்பன் மட்டையில் வெள்ளி நிறத்தில் வாங்கிய ஒரு கையொப்பம் இரண்டு ஆண்டுகளாகியும் அன்று எழுதியதுபோலவே மின்னுகிறது.

பயன்படுத்துவதில் சற்றுப் பக்குவம் தேவை. மூடியுடன் நன்றாகக் குலுக்கி, வேறொரு தாளில் முனையை அழுத்தி, வண்ணம் சீராக இறங்கிய பின்னரே வீரரிடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் எழுத்திலேயே சொட்டு விழுந்துவிடும். ஆட்டத்துக்கு முன் திடலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதால் பந்தும் மட்டையும் ஈரமாகவே கைக்கு வரும். உலர்ந்த துணியால் துடைக்காமல் எழுதினால் வண்ணம் பிடிக்காது. எழுதிய பின் ஐந்து நிமிடமாவது தொடாமல் வைத்திருங்கள். நெடி கடுமையானது, எண்ணெய் வண்ணப் பேனாக்களுக்கு உரிய குணம் அது, ஆகையால் பேருந்துக்குள் திறக்கக் கூடாது. நீண்டு சுருங்கும் சீருடைத் துணிக்கும் இது ஏற்றதன்று. அதற்குத் துணிக்கென்றே விற்கும் பேனா தனியாக உண்டு.

ஆட்டம் முடிந்து, உடலைத் தளர்த்தும் பயிற்சியும் முடிந்தபின், அணி மேலாளரிடம் அனுமதி பெற்றே நான் பேனாவை நீட்டுவேன். "தம்பி, முழுப் பெயரையும் சட்டை எண்ணையும் எழுதுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலோர் வெட்கத்துடன் ஒவ்வோர் எழுத்தாக, பள்ளி நோட்டில் எழுதுவதுபோல எழுதித் தருவார்கள். புகழ் வந்தபின் அதே கை ஒரு சுழியோடு நிறுத்திக்கொள்ளும். அந்த முழுப் பெயருக்காகவே வெள்ளியில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு பேனாக்களை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்.