கையால் செய்த ஹெட்ஃபோன்: சில வருஷம் போட்டுப் பார்த்ததில்

40 மி.மீ. டைனமிக் டிரைவர் (சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) ஒரு ஜோடி, 3டி பிரிண்டரில் எடுத்த, டிரைவரைத் தாங்கும் மூடிய கப், பழைய ஹெட்ஃபோன் ஒன்றிலிருந்து கழற்றிய தலைப்பட்டை. என் ஹெட்ஃபோனின் ஜாதகம் இவ்வளவுதான். சில வருஷமாகத் தினமும் காதில் இருப்பது இதுதான். சத்தம் எப்படி அமையும் என்பதில் டிரைவருக்குப் பாதிப் பங்குதான். மீதியைக் காதில் படியும் மெத்தையான பேடும், கப்புக்குள் வைக்கும் ஃபெல்ட் என்ற தடித்த துணியும் பஞ்சும் பார்த்துக்கொள்கின்றன. விலை கூடிய டிரைவரைத் தேடி அலைவதற்கு முன் நல்ல பேட் வாங்குங்கள் என்பது என் கட்சி.

சால்டர் வேலை பெரிய வித்தை இல்லை. ஒயரின் மெல்லிய இழைகள் மேல் எனாமல் பூச்சு இருந்தால் அதை எரித்து எடுக்காமல் ஈயம் பிடிக்காது. டிரைவர் முனையில் சூட்டை அதிக நேரம் வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும். அப்புறம், பிளஸ் மைனஸ் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மாறினாலும் பாட்டு கேட்கும். ஆனால் குரல் நடுவில் நிற்காமல் சிதறும், பாஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்துவிடும்.

நேரம் பிடிப்பது டியூனிங்தான். கப்பை வெறுமனே மூடினால் டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும். டிரைவருக்குப் பின்னால், கப்பின் உட்சுவரில் ஃபெல்ட் ஒட்டியதும் அது பெருமளவு அடங்கியது. பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து வைத்துக் கேட்க வேண்டும். திணித்தால் சத்தம் உயிரற்றுப் போகும். டிரைவரின் முதுகில் இருக்கும் துளைகளை டேப்பால் முழுதாக மூடினால் பாஸ் இறுகிக் குறையும். அந்த டேப்பில் ஊசியால் ஒரு துளை போட்டால் கொஞ்சம் திரும்பி வரும். 'ஸ', 'ஷ' வரும் இடங்கள் காதைக் குத்தினால் டிரைவருக்கு முன்னால் டிஷ்யூ காகிதம் ஓர் அடுக்கு போதும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு: யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் ட்வீட்டர் (உச்ச ஒலியை எழுப்பும் பகுதி) மேல் பெரிய ஸ்டுடியோக்களிலேயே டிஷ்யூ தொங்கியது.

அட்டையில் துளை போட்டு ஒரு சின்ன எலெக்ட்ரெட் மைக்கைச் செருகி, அதன் மேல் ஹெட்ஃபோனை வைத்து, ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற ஒலி அளக்கும் மென்பொருளில் ஸ்வீப் (தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை ஏறும் சோதனைச் சத்தம்) ஓடவிட்டு அளந்தேன். இடது, வலது ஒத்திருக்கிறதா, பஞ்சு வைத்ததில் என்ன மாறியது என்று பார்க்க இது அருமையான வழி. ஆனால் கிராஃபை நேர்கோடாக்கக் கிளம்பக் கூடாது. நம் காதின் அமைப்பே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்தை ஏற்றித் தருவது. வெறும் அட்டையில் அது தெரியாது. ஹெட்ஃபோன் காதை மூடும்போது அந்த இயல்பான ஏற்றத்தின் ஒரு பகுதி போய்விடுவதால், ஹெட்ஃபோனே அங்கே கொஞ்சம் ஏறி ஒலித்தால்தான் குரல் முன்னால் வரும்.

இனி நாள்பட்ட கதை. முதலில் தளர்ந்தது பேட். உள்ளே ஸ்பாஞ்ச் அமுங்கியதும் டிரைவர் காதுக்கு நெருக்கமானது, ட்ரெபிளின், அதாவது உச்ச ஒலியின், குணமே மாறியது. மூக்குக்கண்ணாடிக் கம்பி தூக்கும் இடத்தில் காற்று கசிந்தது. உள்ளங்கையால் கப்பை லேசாக அழுத்திப் பாருங்கள். பாஸ் சட்டென்று கூடினால் கசிவு என்று அர்த்தம். குறையும் பாஸை ஈக்வலைசரில் ஏற்றிக்கொள்ளலாமே என்பார்கள். கசிந்து போகும் பாஸை அதில் ஏற்றினால், தலையைத் திருப்பும்போதெல்லாம் அளவு மாறும். பேடை மாற்றுவதுதான் சரி. மாற்றினால் டிஷ்யூவையும் பஞ்சையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

ஒருநாள் வலது பக்கம் மட்டும் கொரகொரவென்றது. டிரைவர் போய்விட்டது என்றே நினைக்கத் தோன்றும். டார்ச் அடித்துப் பார்த்தால், டிரைவரின் அதிரும் சவ்வின் மேல் தலைமுடி ஒன்று. இடுக்கியால் எடுத்ததும் சத்தம் சுத்தம். பேடுக்கு அடியில் மெல்லிய துணி ஒட்டிய பிறகு இந்தத் தொல்லை இல்லை.

ஒயர் கப்புக்குள் நுழையும் இடத்தில் வளைந்து வளைந்து அறுந்தது. இப்போது கப்பில் 3.5 மி.மீ. சாக்கெட் வைத்துவிட்டேன், ஒயர் போனால் கழற்றி வேறு மாட்டினால் போதும். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் எடுத்த கப்பை மட்டும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது இளகும். புதிதாகச் செய்பவர்கள் சூட்டை இன்னும் தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் எடுத்துக்கொள்ளலாம்.