எட்டு குளிர்காலம், ஒரு பழைய ஊட்டி வீடு: ஹீட்டர் இல்லாமல் கதகதப்பு

2017 ஆகஸ்டில் மதுரையிலிருந்து ஊட்டிக்குக் குடிவந்தோம். தகரக் கூரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள், சிமென்ட் தரை, ஹாலில் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கணப்பு. மழைக்காலத்தை எப்படியோ ஓட்டிவிட்டோம். அந்த டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து நாத்தனார் குடும்பம் திருப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தது. இரண்டாம் நாள் காலையிலேயே அவள் சின்னவன் கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "அத்தை, நாங்க ஊருக்குப் போறோம்" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த குழந்தை குளிருக்குப் பயந்து கிளம்ப நினைத்தது மனதில் தைத்துவிட்டது.

அன்றே 2000 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கினோம். ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், ஒரு நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 8 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியது. தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். பணம் போனதுகூடப் பெரிதில்லை, ஹீட்டரை அணைத்த அரை மணி நேரத்தில் அறை பழையபடி ஜில்லென்று ஆகிவிடும். பிறகுதான் யோசித்தேன், இவ்வளவு சூடும் எந்த வழியாக ஓடிப்போகிறது என்று.

ஊட்டிக் குளிரின் குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். நவம்பரில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. வானம் மேகமில்லாமல் தெளிவாக இருக்கும் இரவில்தான் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாகிறது. மேகம் மூடினால் அவ்வளவு குளிராது. ஆனால் அந்தத் தெளிந்த வானமே பகலில் நல்ல வெயிலையும் தருகிறது. அதனால் காலை எட்டரைக்கு வெயில் விழும் பக்கத்துத் திரைகளை முழுக்கத் திறக்கிறேன். மாலை நான்கு மணிக்கு, வெயில் இறங்குவதற்கு முன்பே, எல்லாவற்றையும் மூடிவிடுகிறேன். ஆறு மணிக்கு மூடிப் பயனில்லை, அதற்குள் சூடு போய்விடும். பைசா செலவில்லாத இந்த ஒரு பழக்கம்தான் எட்டு வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது.

மூடுவது என்ற யோசனையே தாவரவியல் பூங்காவில் பார்த்ததுதான். பனிக்காலத்தில் அங்கே பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பார்கள். பக்கத்தில் நெருப்பா மூட்டுகிறார்கள்? மூடி வைப்பதோடு சரி. செடி கருகாமல் தப்பிக்கிறது.

முதலில் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். வாசல் கதவின் அடியில் புகை படாரென்று உள்பக்கம் திரும்பியது. ஜன்னல் சட்டங்களின் மூலைகளிலும் அப்படித்தான். நான் எதிர்பார்க்காத இடம் கணப்பு. புகைபோக்கி வழியாகக் குளிர்காற்று நேராக ஹாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழைய தலையணையைச் சாக்கில் போட்டுக் கட்டி, புகைபோக்கியின் கழுத்தில் அழுத்தித் திணித்தேன். அன்றிரவே வித்தியாசம் தெரிந்தது. சாக்கிலிருந்து ஒரு சிவப்புத் துணி வெளியே தொங்கும்படி விட்டிருக்கிறேன். உள்ளே அடைப்பு இருப்பது தெரியாமல் யாரும் நெருப்பு மூட்டிவிடக் கூடாது.

கதவடிக்கு நாத்தனார்தான் வழி செய்தாள். அடுத்த வருடம் வரும்போது, "அண்ணி, இது உங்க கதவுக்கு" என்று ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொண்டுவந்தாள். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, அதற்குள் பனியன் வேஸ்ட்டை அடைத்தேன். அடியில் கால் கிலோ மணல் போட்டால் இடம் நகராமல் கிடக்கும். நான்கு கதவுக்கு நான்கு செய்தேன். ஏழு வருடமாக அதேதான் ஓடுகிறது, மேல்துணியை மட்டும் ஒருமுறை மாற்றினேன். பிள்ளைகள் அதை மலைப்பாம்பு என்பார்கள்.

திரைச்சீலையில் நான் செய்த தவறு, ஜன்னல் அளவுக்கு மட்டும் தைத்தது. கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கீழே இறங்கி, திரையின் அடி வழியாகத் தரையில் பரவுகிறது. இப்போது திரை தரையைத் தொடுகிறது, பக்கவாட்டிலும் ஒரு சாண் கூடுதல். முன்பக்கம் சென்னிமலை பெட்ஷீட், பின்பக்கம் பழைய கம்பளி, இரண்டையும் சேர்த்து நானே தைத்தேன். எடை அதிகம், சாதாரணக் கம்பி வளைந்துவிட்டது, இரும்புக் குழாய் போட வேண்டியிருந்தது. பெரிய செலவு என்றால் அது மட்டும்தான்.

தரைக்கு, கடையில் சும்மா கிடைக்கும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, மேலே கோரைப்பாய், அதன் மேல் பவானி ஜமக்காளம். சிமென்ட் தரையில் வெறுங்காலை வைத்தால் ஏறும் அந்தச் சுரீர் என்ற குளிர் இதில் இல்லை. ஒரு குறை உண்டு: அட்டை ஈரத்தை இழுக்கும். வாரம் ஒருமுறை வெயிலில் காயவைக்காவிட்டால் நாற்றம் வரும், பூஞ்சை பிடிக்கும். ஒரு வருடம் சோம்பல்பட்டு விட்டதில் பாயே கெட்டுப்போனது. ஈரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். துவைத்த துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள். எவ்வளவு குளிரானாலும் காலையில் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஈரமான அறை குளிரை இரண்டு மடங்காகக் காட்டும்.

சுவரில் ஒரு சாதாரண வெப்பமானி மாட்டியிருக்கிறேன். முதல் குளிர்காலத்தில் விடிகாலை ஹாலில் 9 டிகிரி காட்டியது. இதெல்லாம் செய்த பிறகு 13க்குக் கீழே போவது அபூர்வம். எண்ணில் நான்கு டிகிரி, உடம்புக்கு அது பெரிய ஆறுதல்.

எண்ணில் தெரியாத மாற்றம் வெளிச்சத்தில் வந்தது. ஹாலில் வெள்ளை டியூப்லைட் எரிந்தபோது எல்லாரும் சாப்பிட்டதும் அவரவர் படுக்கைக்கு ஓடிவிடுவார்கள். அதை அணைத்துவிட்டு, மூலைக்கொன்றாக 9 வாட் மஞ்சள் எல்இடி பல்பு இரண்டு போட்டேன். கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டில் காகித நட்சத்திரம் தொங்கவிடுவார்கள், எங்களுக்கும் ஒன்று தந்தார்கள். அதை ஜன்னலோரம் மாட்டி, கார்த்திகைக்கு வாங்கிய சீரியல் லைட்டைப் பொங்கல் வரை கழற்றாமல் விட்டோம். இப்போது சுக்குக் காபியும் வர்க்கியும் வைத்துக்கொண்டு பத்து மணி வரை ஜமக்காளத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னவன் அந்த வெளிச்சத்தில் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போன இரவை நான் மறக்க மாட்டேன்.

வேலைக்கு ஆகாதவையும் உண்டு. ஜன்னல் கண்ணாடியில் குமிழி பிளாஸ்டிக் ஒட்டிப் பார்த்தேன். குளிர் கொஞ்சம் குறைந்தது உண்மை, ஆனால் உள்ளே நீர் கோத்து மரச்சட்டம் ஊறிவிட்டது, வெயிலும் மங்கியது. ஒரே குளிர்காலத்தில் பிய்த்துவிட்டேன். மெழுகுவர்த்தி அழகுதான். ஆனால் கூரையில் கரி படிகிறது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பயம் வேறு.

கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைக்கும் பழக்கத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைக்குச் சுற்றுலா வந்து இப்படி இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். விருந்தினர் வந்தால் இதை வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படுக்கைக்கு ரப்பர் வெந்நீர்ப் பை போதும். தூங்குவதற்கு அரை மணி முன்பு கம்பளிக்குள் கால் வைக்கும் இடத்தில் போட்டுவிட வேண்டும். முதல் பை இரண்டாம் வருடமே இரவில் ஒழுகி மெத்தை நனைந்தது. கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றியதால் ரப்பர் இற்றுப்போயிருந்தது. இப்போது நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முக்கால் பைக்கும் குறைவாக நிரப்பி, மேலே உள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடி திருகுகிறேன். பழைய ஸ்வெட்டர் கையில் ஒரு உறை தைத்துப் போட்டால் தோல் சுடாது, சூடும் விடியும் வரை கொஞ்சம் மிஞ்சும். இரண்டு குளிர்காலத்துக்கு ஒருமுறை, பார்க்க நன்றாக இருந்தாலும், பையை மாற்றிவிடுகிறேன்.

இன்னும் சரியாகாதது குளியலறைதான். மேலே உள்ள காற்றுத் துவாரத்தை மூடினால் ஈரம் தங்குகிறது, திறந்தால் குளிர் கொட்டுகிறது. கீஸரும் அங்கேயே இருப்பதால் முழுக்க அடைக்கவும் மனமில்லை. இந்த டிசம்பரில் அதற்கு ஒரு மரப்பலகைக் கதவு, குளிக்கும்போது பாதி சாத்தி, பிறகு முழுக்கத் திறந்துவிடும்படி, தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். 24ஆம் தேதிக்குள் மாட்டிவிடுவதாகச் சொன்னார். அன்று மாலைதான் திருப்பூர் பேருந்து வருகிறது.