காரைக்குடிப் பக்கம் சோலார் சென்சார் விளக்கு வாங்குவோர் கவனத்திற்கு

செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். குடும்பம் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, வீடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். பர்மா தேக்குத் தூணுக்கும் கதவு நிலைக்கும் பழம்பொருள் சந்தையில் உள்ள மதிப்பு திருடர்களுக்கும் தெரியும். எங்கள் பின்வாசல் சந்து இருட்டாக இருந்ததால், ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் சோலார் விளக்குகளைக் காரைக்குடியில் ஒரு மின்சாதனக் கடையில் வாங்கினோம். அங்கே எங்களை ஏமாற்றிய விதம் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் 500 வாட் என்றும், 9900 எம்.ஏ.எச். (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு) பேட்டரி என்றும், தூசியும் தண்ணீரும் புகாத் தரத்தைச் சொல்லும் ஐபி65 என்றும் அச்சிட்டிருந்தது. "அண்ணே, இதைப் போட்டா கொல்லை முழுக்கப் பகல் மாதிரி இருக்கும், ஒரு வருஷம் கேரண்டி" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, பில் போட்டால் விலை கூடும் என்று சொல்லி எஸ்டிமேட் தாளில் எழுதிக் கொடுத்தார். மாட்டுவதற்கும் தம் ஆளையே அனுப்பினார். அந்த ஆள் விளக்கை ஓட்டுத் தாழ்வாரத்தின் அடியில், வெயிலே படாத இடத்தில் அறைந்துவிட்டுப் போனார். சோலார் தகடு விளக்கின் தலையிலேயே ஒட்டியிருக்கும் வகை அது.

ஐப்பசி மழை தொடங்கியதும் பக்கத்து வீட்டு ஆச்சி தொலைபேசியில் அழைத்தார்: "தம்பி, பின்வாசல் லைட்டு சாயங்காலம் கொஞ்ச நேரம் மினுக்குது, அப்புறம் செத்துப்போகுது." ஊருக்குப் போய் ஒன்றைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தோம். கண்ணாடிக்குள் தண்ணீர் நின்றது, திருகுகள் துருப்பிடித்திருந்தன, மூடியைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வாஷரே இல்லை. ஐபி65 என்பதில் 6 தூசி புகாது என்பதையும், 5 குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்பதையும் குறிக்கும். வாஷர் இல்லாத மூடிக்கு அந்த எண்ணில் எந்த இலக்கமும் பொருந்தாது.

உள்ளே இருந்தது 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்றே ஒன்று. அந்த அளவுள்ள செல்லில் நல்ல தயாரிப்புகளே ஏறத்தாழ 3500 எம்.ஏ.எச். வரைதான் கொள்ளும், 9900 என்பது அச்சில் மட்டுமே சாத்தியம். 3.7 வோல்ட்டில் 3500 எம்.ஏ.எச். என்றால் சுமார் 13 வாட்-மணி, அதாவது 13 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரியும் அளவு. உண்மையான 500 வாட் விளக்காக இருந்தால் அதை இரண்டு நிமிடத்திற்குள் காலி செய்துவிடும். வாட் கணக்கைக் கடையிலேயே இப்படிப் போட்டுப் பார்க்கலாம், அல்லது வெளிச்சத்தின் அளவான லூமென் எவ்வளவு என்று கேட்கலாம், சாதாரண எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் அளவில் தரும். லித்தியம் செல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஆங்கில எழுத்து 'ஆர்' முன்னிற்கும் அந்தப் பதிவு எண்ணை அந்த அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். எங்கள் செல்லில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

கடைக்குக் கொண்டுபோனபோது, சோலாருக்கு வாரண்டி கிடையாது, மழையில் நனைந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். வெளியில் மாட்டும் விளக்கைப் பற்றித்தான் இந்தப் பதில். அதற்குப் பதிலாகக் கூடுதல் பணம் கட்டினால் ரேடார் வகை தருவதாகவும், அதுதான் நல்லது என்றும் வற்புறுத்தினார்கள். ரேடார் சென்சார் நுண்ணலையை அனுப்பி அசைவை உணர்வது, அதனால் மெல்லிய சுவருக்கு அப்பாலும் உணரும், காற்றில் ஆடும் கிளைக்கும் எரியும். வேப்ப மரம் நிற்கிற கொல்லைக்கு அது ஆகவே ஆகாது.

உடல் வெப்பத்தை உணரும் பி.ஐ.ஆர். வகையே எங்கள் ஊருக்குப் போதும், ஆனால் அதற்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் அந்தி நேரத்துச் சுவரும் தரையும் உடல் சூட்டை நெருங்கிக் கொதிக்கும்போது அது உணரும் தூரம் குறையும், ஆகவே உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மேலும் அது தன்னை நோக்கி நேராக வருகிறவரை விடக் குறுக்கே கடக்கிறவரையே விரைவில் கண்டுகொள்ளும். முதலில் வாங்கிய விளக்கும் இந்த வகைதான், கடை ஆள் அதை எங்கள் சந்தின் நீளவாக்கில் நேராகப் பார்க்குமாறு மாட்டியிருந்ததால், பின்வாசலை நெருங்கும் வரை ஒருவரையும் அது கண்டதில்லை.

இப்போது உள்ளூர் எலக்ட்ரீசியனைக் கொண்டு, வீட்டு மின் இணைப்பிலேயே ஓடும் 10 வாட் பி.ஐ.ஆர். விளக்கை எட்டடி உயரத்தில், சந்துக்குக் குறுக்காகப் பார்க்குமாறு மாட்டியிருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் பேட்டரியை நம்பி இருக்க வேண்டியதில்லை. பழைய கடை மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். எஸ்டிமேட் தாளையும், பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவையும், பிரித்த விளக்கின் படங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லியனுப்பினார். முழுத் தொகையும் வராமல் புகாரைத் திரும்பப் பெறுவதில்லை என்று பதில் சொல்லிவிட்டோம்.