கத்தரித்த முடியில் தகப்பனைத் தேடித் தருகிறோம் என்பார்கள்

தலைமுடி நான்கு இழை கொடுத்தால் போதும், அப்பா யார், அண்ணன் யார் என்று சொல்லிவிடுவோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் டிஎன்ஏ சோதனை நிறுவனங்கள் இப்போது பெருகிவிட்டன. அப்படி ஒன்றிடம் எங்கள் குடும்பம் ரூ.28,000 கட்டியது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அவர்கள் கொடுத்த தாளை நம்பி ஒரு மனிதருக்கு வாசற்கதவைச் சாத்தியதுதான் பொறுக்கவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

என் பெரியப்பா காலமானபோது அவருக்குப் பிள்ளை என்று நாங்கள் அறிந்தது ஒரே மகளைத்தான், எங்கள் அக்கா. வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்திருந்த சமயத்தில் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெரியப்பா அங்கே பனியன் கம்பெனியில் கணக்கெழுதிய காலத்தில் தன் அம்மாவுடன் குடும்பம் நடத்தியதாகவும், தான் அவருடைய மகன் என்றும் சொன்னார். சண்டைக்கு வரவில்லை. "சொத்து கிடக்கட்டும், அப்பா படத்துக்கு ஒரு மாலை போட விட்டால் போதும்" என்றார். பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கோர்ட் வாசலுக்குப் போகாமல் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அக்கா சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். ஆனால் பெரியப்பாவை எரித்தாகிவிட்டது. வீட்டில் மிஞ்சியிருந்தது அவருடைய சீப்பு.

போனில் பேசிய பெண்மணி, "சீப்பில் முடி இருக்கிறதா மேடம்? தாராளமாகப் போதும். வெட்டிய முடியாக இருந்தாலும் பரவாயில்லை" என்றார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஓர் ஏஜென்டை அனுப்பினார்கள். அவர் சீப்பிலிருந்து முடிகளை விரலால் உருவி, அமுக்கி மூடும் பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டார். பாதி நரை, பாதி சாயம் ஏறியவை, நடுவே ஒரு முழ நீளத்தில் ஒன்று. பெரியப்பா கிராப்பு வைத்தவர். அந்த நீள முடியைச் சுட்டிக் காட்டினேன். "லேபில் பிரித்துக்கொள்வார்கள் சார்" என்றார். அடுத்து, திருப்பூர்க்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் கத்தரிக்கோலால் ஒரு கொத்தை நறுக்கினார். அடையாள அட்டை கேட்கவில்லை, கையெழுத்து வாங்கவில்லை. உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தால் முடிந்துபோகும் வேலைக்கு, எதற்கு முடி? கேட்டேன். "அமெரிக்காவில் வேரில்லாத முடியை வைத்தே கொலை வழக்கில் துப்புத் துலக்குகிறார்கள் சார், தெரியாதா?" என்று என்னையே மடக்கினார்.

அவர் சொன்னதில் கால்வாசி உண்மை. கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் கிரீன் என்ற ஆய்வாளர், வேரில்லாத முடியிலிருந்தும் சிதைந்த டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்தெடுத்துப் படிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார். பழைய கொலை வழக்குகளில் அது பயன்பட்டும் இருக்கிறது. அது தனி இயந்திரம், தனிச் செலவு, தனிக் கணக்கு. நம் ஊரில் தெருமுனைக்கு ஏஜென்ட் அனுப்பும் நிறுவனம் செய்கிற வேலை அல்ல அது.

வழக்கமான தந்தைமைச் சோதனைக்கு உயிரணுவின் உட்கருவில் உள்ள டிஎன்ஏ வேண்டும். முடியில் அது இருப்பது வேரோடு ஒட்டிவரும் சதைப்பிசிறில். தண்டு முழுவதும் கெரட்டின் என்ற புரதம். முடி வளரும்போதே அங்கிருக்கும் உயிரணுக்கள் செத்து, உட்கருவும் சிதைந்துவிடுகிறது. பிடுங்கி எடுத்த முடியில், நுனியில் வெள்ளையாக ஈரப்பசையோடு ஓர் உறை தெரிந்தால் சோதனைக்கு வாய்ப்பு உண்டு. தானாக உதிர்ந்து சீப்பில் சிக்கும் முடி ஓய்வுக்கட்டத்தில் இருப்பது. அதன் வேரில் பெரும்பாலும் போதிய டிஎன்ஏ தேறாது. பழனியில் இறக்கிய முடியும் சலூனில் வெட்டிய முடியும் வேரே இல்லாதவை. பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் குழந்தையின் முதல் மொட்டை முடியும் அப்படித்தான். எடுத்த முடியைக் காகித உறையில் உலர்வாக வைக்க வேண்டும் என்பது பாலபாடம். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

தண்டிலும் மிஞ்சுகிற ஒன்று உண்டு, உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் டிஎன்ஏ. மொத்தம் 16,569 எழுத்துகள் கொண்ட சிறு வளையம். அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. தகப்பனுடையது மகனுக்கும் போகாது, மகளுக்கும் போகாது. எங்கள் வழக்கில் நடந்த அயோக்கியத்தனம் இங்கேதான் இருக்கிறது.

பளபளப்பான தாளில், ஹோலோகிராம் ஒட்டி அறிக்கை வந்தது. "தந்தை-மகன் உறவுக்கு வாய்ப்பில்லை" என்று தடித்த எழுத்து. கீழே இரண்டு பத்தி எண்கள்: 73, 263, 16223 என்று. இந்தப் பத்தியில் இருப்பது அந்தப் பத்தியில் இல்லை, ஆகவே பொருத்தம் இல்லையாம். அக்கா அழுதாள். என் அப்பாவும் சித்தப்பாவும் திருப்பூர்க்காரருக்குப் போன் செய்து, இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று சித்தப்பாவே பிறகு சொன்னார்.

என்னுடன் படித்த ஒருத்தி கல்லூரியில் மரபியல் பாடம் எடுக்கிறாள். அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்த கையோடு கூப்பிட்டு, "இது மைட்டோகாண்ட்ரியா எண்களடா. உன்னையும் உன் அப்பாவையும் இப்படிச் சோதித்தால் நீயும் அவர் மகன் இல்லை என்றுதான் வரும்" என்றாள். பெரியப்பாவின் எண்கள் அவரைப் பெற்ற எங்கள் ஆத்தாவுடையவை. வந்தவரின் எண்கள் அவர் அம்மாவுடையவை. இரண்டும் வேறாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சொந்தத் தகப்பனுக்கும் மகனுக்கும்கூட அப்படித்தான் இருக்கும். ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்த்து நிலத்துக்கு எல்லை சொன்ன கதை. இது தெரியாமல் செய்த தவறு என்று நான் நம்பவில்லை. உட்கரு டிஎன்ஏ கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே!

முறையான தந்தைமை அறிக்கையில் டி8எஸ்1179, டி21எஸ்11, டிஎச்01 போன்ற பெயர்களில் உட்கரு டிஎன்ஏவின் பதினைந்து, இருபது இடங்கள் அட்டவணையாக இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கு நேராகவும் ஆளுக்கு இரண்டு எண்கள். அவற்றில் ஒன்று தகப்பன் வழி, ஒன்று தாய் வழி. கடைசியில் நிகழ்தகவுக் கணக்கு. அட்டவணையே இல்லாமல் "ஆம்", "இல்லை" என்று மட்டும் வரும் அறிக்கையை வாங்காதீர்கள். ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி, அவற்றை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உண்டா, அதில் டிஎன்ஏ உறவுச் சோதனை அடங்குமா, மாதிரி தேறாவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். போனில் சொல்வது எதுவும் பிறகு நிற்காது.

இன்னொன்றும் தோழி சொன்னாள்: எங்களுக்கு அந்தச் சீப்பே தேவைப்பட்டிருக்காது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்குவது. என் அப்பாவின் கன்னத்திலும் வந்தவரின் கன்னத்திலும் மாதிரி எடுத்து ஒப்பிட்டால், ஒரே ஆண்வழியா என்று தெரிந்துவிடும். ஆனால் அண்ணன் தம்பி மூவரில் யார் என்பதை அந்தச் சோதனையால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. (இதைக் கேட்டதும் சித்தப்பா முகம் போன போக்கை எழுதாமல் விடுகிறேன்.) பெரியப்பாவுக்கு முன்பு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது; அப்போது சோதனைக்கு எடுத்த திசுவை மெழுகுக் கட்டியாக மருத்துவமனைகள் பல ஆண்டுகள் வைத்திருப்பது வழக்கம். இறந்தவரின் டிஎன்ஏ வேண்டும் என்றால் முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

இந்தத் தனியார் தாளைக் கோர்ட்டில் நீட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: யாரிடமிருந்து எடுத்தது என்பதற்கே சாட்சி இல்லாத மாதிரி அங்கே நிற்காது. முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி மீதான தந்தைமை வழக்கில் 2012இல் கோர்ட் உத்தரவின்பேரில் அவருடைய வீட்டுக்கே போய் ரத்தம்தான் எடுத்தார்கள், சீப்பைத் தேடவில்லை. அதை ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் டிஎன்ஏ மையத்தில் சோதித்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மாதிரிகள் அழிக்கப்பட்டுவிட்டன, சேவை முழுமையாக வழங்கப்பட்டது" என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறோம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, அறிக்கை, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

திருப்பூருக்கு இந்த முறை அக்காவே பேசினாள். அறிக்கை செல்லாது என்பதை அவள் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: மறுபடியும் முடி வெட்ட வேண்டுமா? வேண்டாம் என்றாள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அவரும் என் அப்பாவும் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுக் கன்ன மாதிரி கொடுத்திருக்கிறார்கள். முடிவு எதுவாக வந்தாலும் அதை இங்கே எழுத மாட்டேன். அது அக்காவும் அவரும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.