90 நாளில் 5000 வார்த்தை கற்றுத் தருகிறோம் என்றால் சேராதீர்கள்

பணம் கட்டி ஏமாந்ததை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே விளம்பரம் இப்போது வேறு பெயரில் மறுபடி கண்ணில் படுகிறது, அதனால் எழுதிவிடுகிறேன். உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம், 90 நாளில் 5000 வார்த்தை, முடிவில் சான்றிதழ், பிடிக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ். 5000-ஐ 90-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 55-க்கு மேல் வருகிறது, ஒரு நாள் விட்டுவிட்டால் மறுநாள் 111. அரை நிமிடக் கணக்கு, போட்டுப் பார்க்கவில்லை.

சேரும் முன் ஒரு இலவச டெஸ்ட் வைத்தார்கள். 'உங்கள் அடிப்படை நன்றாக இருக்கிறது, மேல்நிலைச் சொற்கள்தான் குறைவு' என்று முடிவு வந்தது. முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் குறை சொன்னால் யாரும் நம்பத்தான் செய்வோம். பணம் போன பிறகு சந்தேகம் வந்து, வேறொரு மெயில் ஐடியில் போய், கேள்வியைப் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் முதல் விடையை அழுத்தினேன். அதே முடிவு, ஒரு எழுத்து மாறவில்லை.

சரி, வகுப்பில் என்ன தந்தார்கள்? தினமும் ஒரு பிடிஎஃப். வார்த்தை, பக்கத்தில் ஒற்றைச் சொல்லில் தமிழ் அர்த்தம், அவ்வளவுதான். பயிற்சித் தாள் என்று வந்ததெல்லாம் எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்விலிருந்தே இந்த இரண்டையும் 2011-இல் தூக்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால் யாரோ தட்டிவைத்த பட்டியலுக்குப் புது அட்டை போட்டு விற்றிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அந்த ஒற்றைச் சொல் அர்த்தம்தான் என்னைக் கவிழ்த்தது. 'சிம்ப்ளிஸ்டிக்' என்பதற்கு 'எளிமையான' என்று போட்டிருந்தார்கள். ஆஹா, சிம்பிள் என்பதற்கு ஒரு கம்பீரமான சொல் கிடைத்தது என்று, மேலதிகாரி போட்ட திட்டத்தைப் பாராட்டி எழுதிய மெயிலில் அதைச் சேர்த்தேன். சிக்கலான விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் மேலோட்டமாக அணுகுவதைக் குறை சொல்லும் சொல் அது. அவர் திருத்திச் சொல்லும்போது நான் என்ன முகத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். 'நொட்டோரியஸ்' என்பதற்கும் 'பெயர் பெற்ற' என்றுதான் இருந்தது. கெட்ட பெயர் என்று ஒரு சொல் கூட்டியிருந்தால் போதும்.

எந்தச் சொல் எதோடு சேரும் என்பது பட்டியலில் இருக்கவே இருக்காது. தமிழில் மழை பெய்யும், காற்று அடிக்கும், மாற்றிச் சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். ஆங்கிலத்திலும் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். இது வாக்கியம் வாக்கியமாகப் படித்தால்தான் வரும்.

முதல் நாள் சொற்கள் மறுபடி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கற்றது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே வைத்துச் சோதித்து 1885-இல் எழுதிவிட்டார், இவர்களுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போல. வாரத் தேர்வில் மட்டும் 90-க்கு மேல் மார்க் வரும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவதுதானே. அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுது என்று என்னை நானே கேட்டுப் பார்த்தபோது இருபதில் மூன்றுதான் தேறியது.

பணத்தைக் கேட்டேன். இரண்டாம் நாள் பிடிஎஃப்பைத் திறந்துவிட்டதால் 'கோர்ஸைப் பயன்படுத்திவிட்டீர்கள்' என்றார்கள். திறக்காமல் பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை, வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அப்போது 23-ஆம் நாள்.

சேரத்தான் வேண்டும் என்றால் ஒரு நாள் பாடத்தை மாதிரிக்குக் கேளுங்கள். வாக்கியம் இருக்கிறதா, பழைய சொல் திரும்ப வருகிறதா, உங்களை எழுதச் சொல்கிறார்களா என்று பாருங்கள். வாபஸ் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். நான் இப்போது அவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியல் ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலை வைத்துக்கொண்டிருக்கிறேன். 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்), இணையத்தில் இலவசம். படிக்கும்போது எதிர்ப்படும் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு ஆங்கி செயலியில் போட்டுவைக்கிறேன், மறக்கப்போகும் நேரம் பார்த்து அதுவே திரும்பக் கேட்கிறது. நாளைக்கு ஐந்தாறு சொல், அதற்கு மேல் என்னால் முடிவதில்லை.

அப்புறம், 90-ஆம் நாள் சரியாக மெயிலில் சான்றிதழ் வந்தது. 5000 சொற்களில் நான் தேர்ச்சி பெற்றுவிட்டேனாம்.