பாரி/ஜிபி: பல வருஷமா யூஸ் பண்ற அனுபவம்

பெரிய நம்பர்னா உயிர விடுற ஆளுங்க பாரி/ஜிபிய கண்டிப்பா போட்டுப் பாருங்க. பிரான்ஸ்ல போர்தோ யுனிவர்சிட்டில உருவான சாஃப்ட்வேர், நம்பர் தியரிக்குன்னே செஞ்சது, காசு கிடையாது. நான் யாங்கூன்ல புள்ளைங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்குறேன், இங்க கரண்ட் நிலம தெரிஞ்சதுதான், நெட்டும் எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதனால ஒரு தடவ இறக்கி வச்சா போதும் அப்புறம் நெட்டே வேணாங்குறதுதான் எனக்கு மொத விஷயம். பழைய லேப்டாப்லயே ஜோரா ஓடுது.

நம்பர குடுத்தா பகாக் காரணி, எத்தன வகுத்தி, வகுத்திங்களோட கூட்டுத்தொகை, ஆய்லர் ஃபை (அந்த நம்பர விடச் சின்ன எண்கள்ல, அதோட 1 தவிர வேற பொது வகுத்தி இல்லாதது எத்தனைங்கிற கணக்கு) எல்லாம் உடனே வந்துரும். ஒரு பையன் 12345678987654321 போடச் சொன்னான், 3^4 × 37^2 × 333667^2ன்னு வந்துச்சு, வகுத்தி 45. "ஏன் சார் ஒத்தப்படையா வருது?"ன்னான் பாருங்க, அந்தக் கேள்விக்கே அவன தூக்கி வச்சு கொண்டாடலாம். வகுத்திங்க ஜோடி ஜோடியாத்தான் வரும், ஆனா இது 111111111ஓட வர்க்கம், அதனால 111111111 மட்டும் தனக்குத் தானே ஜோடி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2^67-1, அதாவது 147573952589676412927. 1644ல மெர்சென்ங்கிற கணித ஆராய்ச்சியாளர் இத பகா எண்ணுன்னு லிஸ்ட்ல போட்டாரு, 1876ல லூகாங்கிற கணித அறிஞர் அது பகா எண் இல்லன்னு நிரூபிச்சாரு, ஆனா காரணி என்னன்னு அவருக்கும் தெரியாது, 1903லதான் கோல்ங்கிற இன்னொரு கணித அறிஞர் 193707721 × 761838257287ன்னு உடச்சுக் காட்டுனாரு. பாரில கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருது. ஆனா விடைய விட இதுதான் ருசி: அந்த எண்ண n-னு வச்சுக்கிட்டு 2^(n-1)அ n-ஆல வகுத்து மீதி பாருங்க, 1 வரும், 2ஐ விடப் பெரிய பகா எண்ணுக்கு எப்பவும் 1தான் வரும், அதனால பகா எண் மாதிரியே நடிக்கும்! 2க்கு பதிலா 3 போட்டா மீதி 1 வராது, சாயம் வெளுத்துரும். காரணியே தெரியாம பகா எண் இல்லன்னு சொல்றது எப்படின்னு புள்ளைங்களுக்கு இத வச்சுதான் சொல்லிக் குடுப்பேன்.

கொறையும் இருக்கு. ரெண்டு பெரிய பகா எண்ண பெருக்கிக் குடுத்தா, 100 இலக்கத்த நெருங்க நெருங்க மணிக்கணக்கா உடைச்சுக்கிட்டே இருக்கும், நடுவுல கரண்ட் போய் பேட்டரியும் செத்துச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்துதான், பாதில சேமிச்சு வைக்க வழியில்ல. மெமரி பத்தலன்னு அப்பப்ப நின்னுரும், அளவ கூட்டி விட்டா சரியாயிரும்.

புதுசா வர்றவங்க ஒன்னு கவனிங்க. காரணிப்படுத்தச் சொன்னா அது காட்டுற பெரிய காரணிங்கள வழக்கமா பிபிஎஸ்டபிள்யூ டெஸ்ட்ல (ஒரு எண் பகா எண்ணான்னு வேகமா பாக்குற சோதனை) மட்டும்தான் பாத்திருக்கும். 2^64 வரைக்கும் அந்த டெஸ்ட் தப்பாது, அது செக் பண்ணி முடிச்ச விஷயம், அதுக்கு மேலயும் இதுவரைக்கும் ஒரு எண்கூட ஏமாத்துனதா கண்டுபிடிக்கல, ஆனா அங்க அது தப்பவே தப்பாதுன்னு நிரூபணம் இல்ல. கெடச்ச காரணி பகா எண்தான்னு நிரூபணம் வேணும்னா 'இஸ்பிரைம்' கட்டளைய தனியா ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்க.